அன்றைக்கு அடித்த காற்று

“ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்குங்ணா” என்று சொல்லிவிட்டு அங்கமுத்து மேலே ஏறினார். அவர் சொல்லாவிட்டாலும் மணியன் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். இரண்டு மாதமாக வாரத்துக்கு ஒருநாள் இந்த வேலை. இருபதடி இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிப்பை தொங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு அடிக்கிறது என்று ஹெலிகாப்டர் ஓட்டுகிறவருக்குக் காட்டுகிற பை. ஜவ்வரிசி காயப்போடுகிற களத்துப் பெண்கள் அதற்குச் சட்டைக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கமுத்து அதை அவிழ்த்துக் கீழே கொண்டுவந்து, வாளியில் சோப்புத்தூள் கரைத்து ஊறப்போட்டு, கசக்கிப் பிழிந்து, மறுபடியும் ஏறிக் கட்டுவார். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவராகவே வந்து கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது.

“அழுக்கு ஏறுனா கனம் ஏறிப்போயிருமுங்க. அப்பறம் காத்தச் சரியாக் காட்டாது” என்றார், இறங்கி வந்து. பையை வாளிக்குள் அமுக்கிக்கொண்டே, எப்போதும் கேட்பதை அன்றைக்கும் கேட்டார். “அன்னைக்கு முழுசா நீட்டிக்கிட்டு நின்னுச்சுங்களாணா?”

“ஆமா, அங்கமுத்து. முழுசா.”

“பாவிக் காத்து” என்று சொல்லிவிட்டுத் துணியைக் கசக்க ஆரம்பித்தார். அதோடு சரி. அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று மணியனுக்குத் தோன்றும்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தனபாலின் சேகோ மில் என்றால் தெரியாதவர்கள் இல்லை. குச்சிக்கிழங்கை அரைத்து, மாவெடுத்து, ஜவ்வரிசியாக உருட்டி, வறுத்துக் காயப்போடுகிற மில். காயப்போடுவதற்கு இரண்டு ஏக்கருக்கு சிமெண்ட் களம். ஒரு மரம் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களும் லாரி முதலாளிகளும் சேர்ந்து அறக்கட்டளை வைத்து, இல்லாதவர்களுக்கு இலவசமாக ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் விடப்போகிறோம் என்று சங்ககிரியில் கூட்டம் போட்டபோது, இந்தப் பக்கம் இறங்க இடம் எங்கே என்ற கேள்வி வந்தது. தனபால் நின்ற வாக்கிலேயே “எங்க களத்த எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. களத்தைக் கொடுத்தவருக்குச் சால்வை. அந்தக் களத்தைப் பார்த்துக்கொள்கிற மணியனுக்கு, கூடப்பிறந்த தங்கையைத் தனபாலுக்குக் கட்டிக்கொடுத்ததால் மில்லில் கால் வைத்தவருக்கு, கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சி, மின்னுகிற பச்சை மேல்சட்டை, ஒரு சான்றிதழ். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவர் மணியன்தான், மற்றவர்மேல் பழிபோட முடியாது. ஊரில் நாலைந்து நாள் ‘பைலட்டு’ என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். உள்ளூர அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தரையில் நிற்கிறவர் சரி என்றால்தான் இறங்குவோம். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். மணியனுக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது. ஐம்பத்துநாலு வயதில், மச்சினன் வீட்டு மில்லில் எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டுச் செய்தவருக்கு, ஒரு விஷயத்தில் தன் பேச்சே முடிவு என்பது சின்ன விஷயமா?

அப்போது யோசிக்காதது ஒன்று. களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் வந்தால் இறக்கைக் காற்றில் மாவு புகையாகக் கிளம்பி ஓட்டுகிறவர் கண்ணை மறைத்துவிடும். சரக்கையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, தரையில் தண்ணீர் அடிக்க வேண்டும். காய்ந்த சரக்கு என்றால் கவலையில்லை. காலையில் பரப்பிய ஈரச்சரக்கை உச்சிவெயிலில் குவித்து மூடினால் வெந்து கட்டிதட்டிப் புளித்துவிடும். மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

தை மாதம் அந்த நாள் களம் முழுக்க ஈரச்சரக்கு. அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து பிரவீனா கூப்பிட்டாள். விபத்து, ஆண், வயது இருபத்துநாலு, ஆம்புலன்ஸ் களத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, ஹெலிகாப்டர் கிளம்பப்போகிறது. பெண்கள் பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். அதற்குள் தனபால் போனில் வந்தார். “சரக்கு ஈரந்தானுங்க மச்சான். நீங்க பாத்துக்குங்க” என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மணியனுக்கு இன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறாவது இருந்திருக்கும். மணியன் களத்தைப் பார்த்தார். போன தடவை ஏறிப்போனவன் கால் ஒடிந்தவன்தான், ரோட்டில் போயிருந்தாலும் பிழைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். போனை எடுத்து, “காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க. எறங்க முடியாது” என்றார்.

“சரிங்க சார்” என்றாள் பிரவீனா. பயிற்சியில் சொன்னபடியே ஏன் என்று கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் களத்துக்கு வராமல் பாதியிலேயே திரும்பி ரோட்டோடு போனது. சங்ககிரி பைபாஸில் உயிர் போனது. அரைமணி கழித்துத்தான் பெயர் தெரிந்தது. நந்தகுமார். ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய்விட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தவன். அங்கமுத்துவின் ஒரே மகன். அப்பன்காரர் ஆம்புலன்ஸில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆத்தாக்காரி சின்னாயி களத்தில், விஷயம் தெரியாமல், மற்ற பெண்களோடு ஜவ்வரிசியைத் திரும்பப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

எடுக்கிற அன்றைக்குத் தனபால் வந்தார். மணியனின் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். அது ஆறுதலா நன்றியா என்று மணியனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அங்கமுத்து எல்லோரிடமும், மணியண்ணன் கடைசிவரைக்கும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம், காத்து விடவில்லையாம் என்று சொல்லி அழுதார். இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடலாமா என்று மணியன் எத்தனையோ நாள் யோசித்தார். ஏன் என்று கேட்பார்களே. விலகினால் சொல்ல வேண்டும், சொன்னால் தனபாலைச் சொன்னதாகும், தங்கை அந்த வீட்டில் இருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதனால் அவர் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் களத்துக்கு வந்தார்.

வாளியில் பை ஊறிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

“மணியன் சார், பிரவீனா பேசறேன். லேடி, முப்பத்திரண்டு வயசு. வண்டில போகையில லாரி தட்டி தலையில அடி. ஆம்புலன்ஸ் இருபது நிமிசத்துல உங்க களத்துக்கு வந்துரும். ஹெலிகாப்டர் கிளம்பியாச்சு, இருபத்தஞ்சு நிமிசம். களம் எப்படின்னு பத்து நிமிசத்துல சொல்லுங்க சார்.”

மணியன் களத்தைப் பார்த்தார். பங்குனி வெயில். காலையில் பரப்பிய சரக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்து அமுக்கினார். கையில் ஒட்டியது. அதற்குள் மறுபடியும் போன். தனபாலுக்கு யார் சொன்னார்களோ, அறக்கட்டளைக்காரர்களே அவருக்கும் தகவல் தருகிறார்கள்போல.

“மச்சான், சரக்கு இன்னும் ஈரந்தானுங்களே” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “நீங்க பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டார்.

அதே வார்த்தை. அடுத்தமுறை காற்று என்று பொய் சொல்லமாட்டேன் என்று ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சத்தியம் செய்தவர்தான் மணியன். ஆனாலும் சரக்கைக் கூட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

சின்னாயி பலகையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கூட்டட்டுங்களா சாமி? இல்ல, இன்னைக்கும் காத்துங்களா?”

சரக்கைத் திருப்பிவிடவா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. மணியன் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் களத்தில் பதினாலு பெண்கள் இருந்தார்கள். பதினாலு பேர் தலைக்கு மேலேயும் அந்தச் சட்டைக்கை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இது எப்படி இரண்டு மாதமாகத் தன் புத்தியில் ஏறவில்லை என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பார்த்தவர்களைப் பார்க்காதவர்கள் என்று நினைத்துவிட்டார்.

“கூட்டுங்க” என்றார். களத்தைப் பார்த்துத் திரும்பி, உரக்க, “எல்லாரும் வாங்க, கூட்டுங்க” என்றார்.

பிறகு எதையும் யோசிக்க நேரமில்லை. பெண்கள் வரிசையாக நின்று பலகையால் தள்ளினார்கள். ஈரச்சரக்கு கனமாக நகர்ந்தது. மணியனும் ஒரு பலகையைப் பிடுங்கித் தள்ளினார். அங்கமுத்து குழாயைப் பிடித்துத் தரையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தார். குவியல்கள்மேல் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல்லையும் மூட்டையையும் தூக்கி வைத்தார்கள். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழையும்போது களம் வெறும் சிமெண்ட்டாக நனைந்து கிடந்தது.

வாளியில் இருந்த பையைக் கட்ட நேரமில்லை. வேலைக்கு நடுவிலேயே, பத்து நிமிடம் முடிவதற்குள், பிரவீனாவிடம் அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. “களம் தயாராயிருமுங்க. காத்து இல்லீங்க. சுத்தமா இல்லீங்க.” பக்கத்தில் குழாயோடு நின்ற அங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

ஹெலிகாப்டர் வந்தது, சத்தத்தில் காது அடைத்தது, விரிசல்களில் தங்கியிருந்த மாவு கிளம்பி எல்லோர் தலையையும் வெளுப்பாக்கியது. அந்தப் பெண்ணை ஏற்றும்போது போர்வைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. மெட்டி போட்ட விரல் ஒருமுறை அசைந்தது. நர்சு கதவைச் சாத்தினாள். ஐந்தாறு நிமிடத்தில் அது கோயம்புத்தூர்ப் பக்கமாகச் சின்னதாகிப் போய்விட்டது.

சத்தம் போனதும் மணியனுக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது. மாட்டுக்குப் போகப்போகிற சரக்கைப் பற்றியோ, தனபாலுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றியோ அவருக்கு அந்த நிமிடம் பயம் இல்லை. இப்போது சொல்லிவிடலாம். இப்போது விட்டால் எப்போதும் முடியாது. அங்கமுத்து வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மணியன் அவரைப் பார்த்து நடந்தார். தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்த சின்னாயி குறுக்கே வந்தாள்.

“எங்கீங்க போறீங்க?”

“சொல்லிப்போடறேன் சின்னாயி. என்னால முடியல.”

“சொல்லிப்போட்டா உங்களுக்கு எறங்கிப் போயிருமுங்க” என்றாள். “எனக்கு?”

மணியனுக்குப் புரியவில்லை. அவள் திரும்பிப் புருசனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னைக்கு நீங்க வேண்டாம், பரத்துங்கன்னீங்க. மொதப் பலகைய நாந்தானுங்க போட்டேன். சட்டைக்கை சும்மாத்தான் தொங்குச்சு, பாத்தேன். பாத்துப்போட்டு, சரக்கு பொழச்சுக்கிச்சு புள்ளைகளான்னு சிரிச்சேன். எம்பட பையன் அங்க ரோட்டுல போயிட்டிருக்கறான், நான் இங்க சிரிச்சிட்டிருக்கறேன். நீங்க ஒண்ணச் சொன்னா அவரு அடுத்தது கேப்பாரு. நீ களத்துலதான இருந்த, உனக்குத் தெரியாதான்னு கேப்பாரு. காத்துன்னு நம்பித்தான் அந்த மனுசன் ரெண்டு வாயி சோறு திங்கறாரு. அதையும் புடுங்கிப்போடாதீங்க சாமி.”

சொல்லிவிட்டுத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். அடியில் சரக்கு ஆவி விட்டது. புளிப்பு வாடை அப்போதே ஆரம்பித்திருந்தது. மணியன் நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை நாள் உண்மை தன் கையில் இருக்கிறது, தைரியம்தான் இல்லை என்று நினைத்திருந்தார். இன்றைக்குத் தைரியம் வந்தபோது உண்மை அவருடையதாக இல்லை. இனிமேல் இதை ஒருவரிடமும் இறக்கிவைக்க முடியாது என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. சாகும்வரை இதோடுதான்.

“ணா, வாரீங்களா? கட்டிப்போடலாம்” என்று அங்கமுத்து கூப்பிட்டார்.

மணியன் போய் ஏணியைக் கம்பத்தில் சாத்திப் பிடித்துக்கொண்டார். அங்கமுத்து அலசிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். உச்சியில் நின்று முடிச்சுப் போட்டுவிட்டு, உடனே இறங்காமல் களத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரமெல்லாம் குவியல். நடுவில் பாதி காய்ந்தும் பாதி ஈரமுமாகத் தரை.

“எத்தன சரக்குங்ணா” என்றார் மேலிருந்தே. “ஒரு இருவது நிமிசத்துல ஒதுக்கிப்போட்டமே.”

மணியன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இதாட்டம் தொங்குனா எறங்கலாமுங்களா?”

“எறங்கலாம்.”

“முழுசா நீட்டுனாத்தான் ஆவாது.”

“ஆமா.”

களத்தில் சின்னாயியின் பலகை சரக்கைப் பரப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு முழுசா நீட்டுச்சுங்களாணா?”

பலகைச் சத்தம் நின்றது. மணியன் அண்ணாந்து பார்த்தார். காற்றில்லாத வெயிலில் பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அதன் வாயிலிருந்து சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்து அவர் கண்ணுக்குள் இறங்கியது. எரிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டு கையும் ஏணியில் இருந்தது, ஏணியின் உச்சியில் அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார்.