மூன்றாவது கட்டில்

"அம்மா, உன்கிட்ட ஒரு பஞ்சாயத்து" என்றாள் மகள் போனில்.

தையல்காரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரோ ஒருவருடைய கால்சட்டையில் கெட்டுப்போன ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கடல்காற்றும் பெட்டிகளை உருட்டுகிற சத்தமும் கேட்டன.

"சொல்லு. வாயில குண்டூசி வெச்சிருக்கேன். என்னால ரொம்பப் பேச முடியாது."

"அப்பாடா! இன்னிக்காவது நான் பேசலாம்."

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். முப்பதை நெருங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. ஹோட்டல் ஹோட்டலாகப் போய்த் தங்கி மார்க் போடுவது அவள் வேலை. சாதாரண விருந்தாளி மாதிரி போவாள், இரண்டு நாள் இருப்பாள், எதையாவது குறை சொல்லிப் பார்ப்பாள், வந்து எழுதிக் கொடுப்பாள். இப்படியும் ஒரு உத்தியோகமா என்று அவளுடைய அப்பா இன்றுவரை நம்பாமல்தான் இருந்தார். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் முப்பது வருஷம் இருந்தவர். முள் காட்டாத எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

துறைமுக நகரத்தின் இரண்டு பெரிய ஹோட்டல்களுக்கும் அந்த வருஷம் மார்க் சமமாக வந்து நின்றுவிட்டது. எதை முதலில் போடுவது என்பதுதான் பஞ்சாயத்து. துறைமுகத்துக்கு எதிரே இருந்த பழைய கட்டடத்துக்கு 'பெருசு' என்றும், நகரத்தின் நடுவில் இருந்த புதியதுக்குக் 'கண்ணாடிப்பெட்டி' என்றும் வாலு பெயர் வைத்திருந்தாள்.

"பெருசுல வாசல்ல நிக்கிறவர் ரெண்டாவது தடவையே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கண்ணாடிப்பெட்டில சூப் ஆறிப்போச்சுன்னு சொன்னேன், சமையல்காரரே மேல ஏறி வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனா சூப் கொதிச்சுக்கிட்டுதாம்மா இருந்துச்சு. நான் வேணும்னே சொன்னேன்."

"அடிப்பாவி, அந்த மனுஷன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே."

"எதை முதல்ல போடட்டும், சொல்லு."

"எதுல நல்லாத் தூங்கினே?"

வாலு சிரித்தாள். "அந்தக் கேள்வியே எங்ககிட்ட கிடையாதும்மா. யோசிச்சு, தீவுலேர்ந்து திரும்பி வந்து சொல்றேன். கப்பல்ல ஏத்தறாங்க, வெச்சிடறேன்."

குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து தையல்காரி "ம்" என்றாள்.

கப்பல் தீவுக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஒருபக்கமாகச் சாய்ந்து மூழ்கிவிட்டது. சிலரை மீன்பிடிப் படகுகள் தூக்கின. அந்தச் சிலரில் வாலு இல்லை.

உறவுக்காரர்களையெல்லாம் கப்பல் கம்பெனி கார் வைத்து நகரத்துக்கு அழைத்துவந்தது. துறைமுக அலுவலகத்தில் ஒரு பெண் அவர்கள் முன்னால் முழங்காலை மடித்துக் குனிந்து உட்கார்ந்து, கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று பெருசு, இன்னொன்று கண்ணாடிப்பெட்டி.

"தங்கறதுக்கு எது உங்களுக்கு வசதிப்படும், சார்? ரெண்டுமே ரொம்ப நல்ல ஹோட்டல்."

"நாங்க என்ன ஊர் சுத்திப் பாக்கவா வந்திருக்கோம்?" என்றார் எடைமேடைக்காரர். "தண்ணி எவ்வளவு குளிரா இருக்கும்? அதைச் சொல்லுங்க."

அந்தப் பெண் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் தேடுகிறவர்களிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

தையல்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகள் கேட்டுவிட்டுப் போன கேள்வியை வேறு யாரோ வந்து அவளிடம் கேட்கிறார்கள். தகவல் எல்லாம் கண்ணாடிப்பெட்டியின் பெரிய கூடத்தில்தான் முதலில் சொல்வார்கள் என்றார்கள். ஆனால் பெருசுதான் துறைமுகத்துக்கு எதிரே இருந்தது. கரையேறுகிறவள் அங்கேதான் முதலில் வருவாள்.

"பெருசு" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியாததால் விரலால் தொட்டுக் காட்டினாள்.

உறவுக்காரர்களுக்கு ஒதுக்கிய ஆறாவது மாடியில் கடைசி அறை கிடைத்தது. இரண்டு கட்டில், கால் புதைகிற கம்பளம், துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். பெட்டியைக்கூடத் திறக்காமல் தையல்காரி கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். தூசி இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினாள். வாலு வேலையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என்ன பண்றே?" என்றார் அவர்.

"அவ வந்தா கேப்பா. எப்படி இருந்துச்சுன்னு."

பிறகு போனை எடுத்து மகளுடைய எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். "வாலு, அம்மா. பெருசுல இருக்கோம். ஆறாவது மாடி, கடைசி ரூம். வாசல்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மறுநாள் காலை வரவேற்புக்குப் போன் செய்து, இன்னொரு கட்டில் வேண்டும் என்றாள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. "நிச்சயமா, மேடம்" என்றார்கள். அவள் போனை வைத்து முகம் கழுவுவதற்குள் இரண்டு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டு, விரித்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போனார்கள். எடைமேடைக்காரர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"அவளுக்கு ஜன்னலோரம்தான் பிடிக்கும்."

 

அந்த ஹோட்டலில் சேவைக்குக் குறையே சொல்ல முடியாது. சிரித்தே பழகிய முகங்கள், ஆறாவது மாடிக்காரர்களைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தன. வரவேற்பில் இருந்த பெண்ணின் உதடுகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். லிப்டில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தலையணைக்கு ஒன்றாகச் சாக்லேட் வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று தலையணை, மூன்று சாக்லேட்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் மற்ற விருந்தாளிகளோடு கலந்து உட்கார வேண்டியிருந்தது. ஒருநாள் பக்கத்து மேசை அம்மாள், முட்டை கல்லு மாதிரி இருக்கிறது, இதுவா இவ்வளவு பேர் வாங்கிய ஹோட்டல், மேனேஜரைக் கூப்பிடு என்று பரிமாறுகிறவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். எடைமேடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எழுந்து ரெண்டு கேக்கட்டுமா அவளை?"

"வேண்டாங்க. விடுங்க" என்றாள் தையல்காரி. "முட்டை நல்லா இல்லன்னு கத்தறா. கொடுத்து வெச்சவ."

அவளுக்கு அந்த அம்மாள்மீது கோபமே வரவில்லை. வயிறு எரிகிற அளவுக்குப் பொறாமைதான் வந்தது. முட்டை வேகாததும் வெந்ததும் ஒரு பெரிய விஷயமாக இருந்த உலகத்தில்தான் அவளும் போன வாரம்வரை இருந்தாள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாலுவின் கொடியிலிருந்து ஒரு சால்வையை உருவி வந்திருந்தாள். போன தடவை வந்தபோது போர்த்திப் போட்டுவிட்டுப் போனது. துவைக்காதது. அதை ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் குனிந்து முகத்தை வைத்து எடுப்பாள். தலைக்கு வாலு தேய்க்கிற ஏதோ ஒன்றின் வாசனையும், அதற்கு அடியில் அவளுடைய வாசனையும் அதில் இருந்தன.

ஒருநாள் துறைமுகம்வரை போய்விட்டுத் திரும்பியபோது கட்டிலில் சால்வை இல்லை. பதறிப்போய்த் தேடினாள். போர்வையை உதறினாள், கட்டிலைத் தள்ளினாள். கடைசியில் அலமாரியைத் திறந்தால், மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, நாடா கட்டி, உள்ளே இருந்தது. துவைத்து, தேய்த்து, ஓரத்தில் பிரிந்திருந்த நூலைக்கூட யாரோ தைத்துக் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு சீட்டு: 'எங்கள் அன்புடன்.'

முகத்தை வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை. நல்ல, விலை உயர்ந்த சோப்பு.

எடைமேடைக்காரர் அவள் கையிலிருந்து அதை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். அப்படியே கதவை நோக்கிப் போனார்.

"எங்க போறீங்க?"

"கீழ. எவன் எடுத்தான்னு கேக்கறேன். யாரைக் கேட்டு எடுத்தான்?"

"வேண்டாம். அந்த ரூம் கூட்டற பொண்ணு வேலை போயிடும்." தையல்காரி கண்ணை அந்தத் தையலிலிருந்து எடுக்கவில்லை. தொழில் தெரிந்த கை, தையல் இருக்கிற இடமே தெரியவில்லை. "நல்லதுன்னு நெனைச்சுத்தானே செஞ்சிருக்கா. முழு மார்க் போடணும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தாளையும் நாடாவையும் மடித்து மடித்துச் சின்னதாக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே கண்ணாடிப்பெட்டியின் கூடத்துக்கு எல்லோரையும் அழைத்து, தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒரு அதிகாரி எழுதி வைத்துப் படித்தார். தண்ணீர் பாட்டில்களும் பெட்டி பெட்டியாகக் காகிதக் கைக்குட்டைகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெருசின் மேனேஜரே அறைக்கு வந்து கதவைத் தட்டினார். ஏதோ மாநாட்டுக்காக இந்த மாடி முழுவதும் முன்னமே பதிவாகியிருக்கிறதாம். இவர்கள் விரும்புகிறவரைக்கும் கண்ணாடிப்பெட்டியில் இதைவிடப் பெரிய அறை தயாராக இருக்கிறதாம்.

"நாங்க மாற முடியாது" என்றாள் தையல்காரி.

"அங்க எல்லா வசதியும் இருக்கு, மேடம். மூணு கட்டிலும் போடச் சொல்லிட்டேன்."

"வசதி இல்ல தம்பி. எம்பொண்ணுக்கு இந்த அட்ரஸ்தான் சொல்லியிருக்கேன். வந்து கதவைத் தட்டினா உள்ளேர்ந்து வேற யாரோ எட்டிப் பாக்கணுமா?"

மேனேஜர் ஒரு கணம்தான் தயங்கினார். "நிச்சயமா, மேடம். அவங்க வந்தா நானே அங்க கூட்டிட்டு வந்து விடறேன்."

நிச்சயமா என்கிற சொல்லைப் பற்றி வாலு சொல்லியிருக்கிறாள். 'முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குப் பாடம்மா. நிச்சயமான்னு சொல்லிட்டு எழுதிக்காம போனா, அது நடக்காது.' தையல்காரி அவர் கையையே பார்த்தாள். மேனேஜர் பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். சின்னத் தாளில் வாலுவின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினார்.

"பாக்க எப்படி இருப்பாங்க, மேடம்? வாசல்ல நிக்கிறவங்ககிட்ட சொல்லி வெக்கணும்."

"நெட்டையா இருப்பா" என்றாள். "வாய் ஓயாது. நீங்க என்ன கேட்டாலும் அவ ஒண்ணு திருப்பிக் கேப்பா. இடது..."

அதற்கு மேல் வரவில்லை. மேனேஜர் காத்திருந்தார். பேனாவைத் தாளின்மேலேயே வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தார். அவருடைய குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த மனிதர் இதை மட்டுமில்லை, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். வாசலில் நிற்கிறவரிடமும் ஒழுங்காகச் சொல்லிவைப்பார். இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறார். சேவைக்கு இதற்கு மேல் ஒரு படி கிடையாது.

கதவு சாத்திய பிறகு எடைமேடைக்காரர் நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பி, அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அவளுக்கு ஹோட்டல்னா வேலை. வேலை செய்யற இடத்துக்கு யாராவது ஆசையா வருவாங்களா? இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம். அவ கரையேறினா நேரா பஸ் பிடிச்சு வீட்டுக்குத்தான் வருவா. நாம இங்க குந்திக்கிட்டிருந்தா அவளுக்குக் கதவைத் தொறக்க யாரு இருக்கா?"

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட அவர் நம்பவில்லை. எடை குறைத்துச் சொல் என்று லாரிக்காரர்கள் கையைப் பிடித்தபோதெல்லாம் முள்ளைக் காட்டிவிட்டு எழுந்து போனவர். நம்பாத ஒன்றை வாய் திறந்து சொல்லுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. இப்போது சொல்கிறார். கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொல்கிறார்.

அந்த அதிகாரி படித்ததை அவள் நம்பியிருக்கவில்லை. அவருடைய இந்தப் பொய்யைக் கேட்டதும் அதை நம்பிவிட்டாள்.

"சரி" என்றாள்.

பெட்டியை அவர்தான் அடுக்கினார். அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலில், முதல் தடவையாக, உட்கார்ந்தாள். "வாலு, அம்மா. நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றாள். இன்னும் ஏதாவது சொல்லத் தோன்றும் என்று கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் இருந்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அதுவும் சேர்ந்து பதிவாகிப் போனது.

வாசலில் வரவேற்புப் பெண்ணும் மேனேஜரும் நின்றார்கள். வாசல்காரர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இருவரையும் பெயர் சொல்லி வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. எடைமேடைக்காரர் சாவியைப் போட்டுத் திருகினார். மழைநாளில் அந்தக் கதவு மரம் ஊதிப்போய் நிலையோடு பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை மேலே தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். உள்ளேயிருந்து திறக்க யாரும் இல்லை; தூக்கி இடித்தார். திறந்தது.