கடலோரத்தில் தொடங்குகிறவர்

துணிக்கடையில் உடுப்புகளைப் பிரித்துப் பெரிதாக்குகிற, பிடித்துக் குறைக்கிற தையல் வேலை அவளுக்கு. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் குத்தும். அச்சகத்தில் பிழை திருத்துகிற அவள் வீட்டுக்காரர் அதனாலேயே அவளுக்குக் 'குண்டூசி' என்று பேர் வைத்திருந்தார்.

காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் ஃபோனிலும் 'டிங்' என்று புதிர் வரும். ஒளிந்திருப்பது ஐந்தெழுத்துச் சொல். கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சை, சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். ஆடி முடித்ததும் அந்த வண்ணக் கட்டங்களை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். நாலு வருஷமாக அவர் முதலில் போடுவது 'கடலோரம்'தான். மாற்றச் சொன்னால் மீசையை எடுக்கச் சொன்ன மாதிரி முறைப்பார்.

அன்றைக்கு விடை 'பட்டணம்'. அவர் அனுப்பியதில் முதல் வரிசை ஐந்தும் சாம்பல். கடலோரம் போட்டிருந்தால் கடைசி 'ம்' பச்சையாகியிருக்க வேண்டாமா? கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"கடலோரம் என்னாச்சு?"

"என்ன கடலோரம்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அதுவா. சும்மா மாத்திப் பார்த்தேம்மா."

மறுநாளிலிருந்து மறுபடியும் கடலோரம். தினமும் அலுங்காமல் மூன்றாவது வரிசையில் விடை. நாலு வருஷமாகத் தட்டுத் தடுமாறியவருக்குத் திடீரென்று இப்படி ஒரு மூளையா? யாரோ விடையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த யாரோ ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்துகொண்டாள். இன்னொன்றும் உறுத்தியது. மூன்று மாதமாக அவர் அவளைக் குண்டூசி என்று கூப்பிடவே இல்லை. ஏம்மா, இங்க பாரு, அவ்வளவுதான்.

கடையில் பில் போடுகிற பெண்ணிடம் வாய்விட்டுப் புலம்பினாள். அந்தப் பெண் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"கூப்பிடுற பேரை விட்டுட்டாருன்னா, அந்தப் பேரை வேற எங்கயோ குடுத்துட்டாருன்னு அர்த்தம்க்கா."

அன்று முதல் அவர் சட்டைப் பை, டிபன் பை எல்லாவற்றையும் துழாவினாள். பஸ் டிக்கெட்டைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை.

வழக்கமாக ஏழரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவளுக்கு ஒரு நாள் லீவு. அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு அவள் கையில் டிங். மேஜையில் இருந்த அவர் ஃபோனில் டிங். அலமாரிக்குள்ளிருந்து இன்னொரு டிங்.

அலமாரியைத் திறந்து துழாவினாள். அவருடைய ஸ்வெட்டருக்கு அடியில், கடையில் கொடுத்து மாற்றிவிட்டதாகச் சொன்ன அந்தக் கண்ணாடி கீறிய பழைய ஃபோன் இருந்தது. அகப்பட்டாயா என்று திறந்தாள். எந்தப் பெண்ணும் இல்லை. புதிர் மட்டும்தான் இருந்தது. முப்பது நாளாக ஆறு வாய்ப்பும் போய்த் தோற்ற ஆட்டங்கள். தோற்றதும் விடையை அதுவே காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு நல்ல ஃபோனில் ஜெயித்திருக்கிறார்.

ஃபோன் உறைக்குள் மடித்த காகிதம் ஒன்று. பிழை திருத்துகிறவரின் அடித்தல் இல்லாத கையெழுத்து.

'முதலில் போடுவது: கடலோரம்.
அச்சகத்துக்கு பஸ்: பதினாலு.
அவளைக் கூப்பிடுவது: குண்டூசி.'

இன்னொருத்தி இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் நினைத்தாள். சண்டை போட்டிருக்கலாம், தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். மறதி கொண்டுபோகிறவரை யாரோடு சண்டை போட்டு மீட்பது? வேவு பார்த்த தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"குண்டூசி, உனக்குச் சர்க்கரை போடணுமா?"

மூன்று மாதமாக அவள் காத்திருந்த பேர். காலையில்தான் காகிதத்தைப் பார்த்திருப்பார். அவள் டீயில் சர்க்கரை போட்டுக் குடித்துப் பதினைந்து வருஷமாகிறது.

"போடுங்க," என்றாள்.