தறியில் என்ன கலர்?

நான் நர்ஸ்தான், ஆனால் ஊசி போடுவதில்லை. ஆரணியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களை விடாமல் துரத்துவதுதான் என் வேலை. மாத்திரை, டெஸ்ட், டாக்டரைப் பார்க்கும் தேதி எல்லாம் என் பொறுப்பு. ‘இவாஞ்சலின், ஒருங்கிணைப்பாளர்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஓயாமல் நச்சரிப்பதால் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் நச்சு சிஸ்டர்.

செவ்வாய்க்கிழமை நெசவாளர் முருகேசனுக்குப் போன் செய்தேன். ஸ்டென்ட் வைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரையை அவர் ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

“மாத்திரை எத்தினி மீதி இருக்குதுங்க?”

“பதினொண்ணு சிஸ்டர்.”

எண்ணிக்கை சரி. ஆனால் எனக்குத்தான் சரிப்படவில்லை. மற்றவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார்கள், அப்புறம்தான் எண்ணுவார்கள். இவர் நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

முருகேசன் தறியில் இருந்தார். சந்தனக் கலரில் முகூர்த்தப் பட்டு. அவர் மிதிக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த ஜரிகை டப்பா கிலுகிலுத்தது. ஜரிகை எங்காவது கிலுகிலுக்குமா? திறந்து பார்த்தேன். உள்ளே நாலு மாத்திரை.

“தினம் ஒண்ணு பிச்சி இதுல போட்டுகினு வந்தீங்களா?”

“விரல்ல லேசா கீறினாலே ரத்தம் நிக்க மாட்டேங்குது சிஸ்டர். இந்தக் கலர்ல ஒரு சொட்டு பட்டா புடவையே போச்சு. வெள்ளிக்கிழமை தறியிலேருந்து அறுத்துக் குடுத்துட்டு, மாத்திரையை மறுபடி போட்டுக்கலாம்னு இருந்தேன்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க இருக்கணுமே.”

கோபத்தில் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி அபிதகுசாம்பாள் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் இதய டாக்டர் டயானாவுக்குப் போன் போட்டேன். உடனே மாத்திரை கொடுத்து, இசிஜி எடுக்கக் கூட்டிவரச் சொன்னார். மாத்திரையை விழுங்கிய முருகேசன் தறியை விட்டு மட்டும் எழவில்லை. புடவை முடியாவிட்டால் கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஜல்தியா எழுந்திருங்க,” என்றார் அபிதகுசாம்பாள். “என் ரத்தம் ஒழுங்காத்தான் உறையுது. நான் நெய்யறேன்.”

இசிஜியில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் முருகேசனுக்கு டாக்டரிடம் அரை மணி நேரம் அர்ச்சனை நடந்தது. வெள்ளிக்கிழமை புடவையும் கைமாறியது.

நோயாளிகளிடம் கேட்க எங்களிடம் பதினான்கு கேள்விகள் உள்ள படிவம் உண்டு. அதன் அடியில் பதினைந்தாவதை நானே பேனாவால் எழுதிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதைத்தான் முதலில் கேட்டேன்.

“தறியில என்ன கலருங்க?”

போனை எடுத்தது அபிதகுசாம்பாள். “பால் வெள்ளை சிஸ்டர். பயப்படாதீங்க, தறியில நான்தான் உக்காந்துகினு இருக்கேன். அவரு என் எதிர்ல மாத்திரை முழுங்கிகினு இருக்காரு.”