ஊர் என்ற நான்காவது கட்டம்

செவ்வாய் மாலை எழுத்து வகுப்பில் நான் வாசிக்க வேண்டிய கட்டுரை, கரீபியனிலுள்ள மொன்செராட் தீவின் கால்பந்து பற்றியது. எரிமலை தலைநகரை மூடியதையும், பாதிக்கு மேற்பட்டோர் தீவைவிட்டுப் போனதையும், 2002 உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த அதே நாளில் பூட்டானிடம் நான்கு கோல்களால் தோற்றதையும் எழுதிவிட்டேன். ஆடுகிற ஒருவரின் குரல் மட்டும் இல்லை. அது இல்லாமல் வாசிக்க எனக்குத் துணிவில்லை.

ஞாயிறு காலை தங்கை ஆரணியோடு தென் லண்டனின் நோர்பரிப் பூங்காவுக்குப் போனேன். அங்கே விளையாடும் மார்லன் அந்தத் தீவு அணியின் தேர்வுக்குப் போக இருக்கிறான். கொப்பியில் நான்கு கட்டங்கள் கீறியிருந்தேன்: பெயர், வயது, ஆட்டத்தில் நிற்கும் இடம், ஊர். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"எந்த ஊர்?"

"குரோய்டன்."

"அது தெரியும். உண்மையான ஊர்?"

பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "நான் இங்கதான் பிறந்தன். பள்ளிக்கூடத்தில இருந்து எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்கள். நீயுமா?"

எழுந்து போய்விட்டான்.

"அண்ணா, நீ என்ன விசா ஒபிசரோ?" என்றாள் ஆரணி.

"எங்கட ஆக்கள் எல்லாரும் கேக்கிறதுதானே?"

"அவை தங்களுக்குள்ள கேக்கிறது வேற."

அவள் சொன்னது சரி. கட்டுரையைவிட அவன் முகம்தான் உறுத்தியது. ஆட்டத்தின் இடைவேளையில் முதல் வரிசையை என்னை வைத்தே நிரப்பி அவனிடம் நீட்டினேன். வயது இருபத்துநான்கு. நிற்கும் இடம், கோட்டுக்கு வெளியே. ஊர், புங்குடுதீவு.

"யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில, இதுவும் ஒரு தீவுதான். நான் பிறந்தது இங்க தோர்ண்டன் ஹீத்தில, அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. ஆனா எங்கட சனம் முதல்ல இதைத்தான் கேக்கும், சொந்தமோ எண்டு பாக்க. மன்னிச்சுக்கொள்."

"உன்னட்டை எத்தின பேர் கேட்டிருப்பினம்?"

"ஒரு கலியாணவீட்டிலயே பதினஞ்சு பேர்."

சிரித்துவிட்டான். பேனையை வாங்கி 'கின்சேல்' என்று எழுதினான். "அப்பப்பான்ர ஊர். எரிமலைக்குப் பிறகு அங்க ஒருத்தரும் இல்லை. ஆனா அவர் அங்க பிறந்தபடியாத்தான் நான் தேர்வுக்குப் போக ஏலும்."

பிறகு கொப்பியோடு தன் அணியிடம் ஓடினான். "எந்த ஊர்?"

"பெக்கம்!" என்றான் கோல் காப்பாளன்.

"அது தெரியும். உண்மையான ஊர்?" என்றான் மார்லன், அப்படியே என் குரலில்.

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை வாசிக்கலாம். நான்காவது கட்டத்தின் தலைப்பை மாற்றுவதா விடுவதா என்றுதான் இன்னும் தெரியவில்லை.