மறுபடி கேட்காத யோங்மெய்

1

இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கிய தாகமெல்லாம் காரணம் இல்லை. சீனாவின் மேற்குக் கோடியில், இனிங் நகரத்துக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கில் எங்கள் வேன் நிற்கிறது. ஓட்டுகிற இடத்தில் என் நண்பன் லுவோ. ஊருக்குக் கிளம்பவும் மாட்டேன் என்கிறான், விட்டுவந்த வீட்டுக்கு வண்டியைத் திருப்பவும் மாட்டேன் என்கிறான். எனக்குப் பொழுது போக வேண்டாமா? போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரியாக நினைத்தது இது: "கோபிப் பாலைவனத்தின் புழுதியைக் கிழித்துக்கொண்டு இரண்டு வீரர்கள்..."

(அடித்துவிட்டேன். வீரர்களில் ஒருவனுக்குச் சர்க்கரை, இன்னொருவனுக்கு மூலம். யாருக்கு எது என்று சொல்ல மாட்டேன்.)

2

நாங்கள் இருவரும் சோங்சிங்கில் ஒரே தொழிற்சாலையில் கியர் கடைந்து ஓய்வு பெற்றவர்கள். யோங்மெய் அங்கே கேன்டீனில் சமைத்தாள். கணவன் இறந்ததும் பிறந்த ஊரான இனிங்குக்கே போய்விட்டாள். லுவோவும் மனைவியை இழந்தவன்தான். யோங்மெய்யோடு வாழ வேண்டும் என்று ஆசை, அதைப் போனில் சொல்ல வெட்கம். நேரில் போகலாம் என்றான். ரயிலில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்ற பயத்தில் வேனை எடுத்தான். சீனாவைக் குறுக்காகக் கடந்து பெண் கேட்கப் போகிறவனுக்கு வழித்துணை நான்.

சாகசம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? லான்சோவில் மாட்டிறைச்சி நூடுல்ஸில் காரம் போதவில்லை என்று லுவோ ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்க் கட்டியைக் கரைத்தான். கடைக்காரர் எங்களை வெளியே அனுப்பினார். ஹாமி நகரத்துக்கு முன்னால் அடித்த காற்றில் வேனின் கதவே கழன்று பறந்தது.

(லுவோ எட்டிப் பார்க்கிறான்.

"கதவு எங்கடா பறந்துச்சு? கண்ணாடிதானே உடைஞ்சுது?"

"கதைக்குக் கதவுதான்டா எடுப்பா இருக்கும்."

"அப்ப ஊர் போற வரைக்கும் கதவு இல்லாமலே உக்காரு.")

3

இன்று மதியம் யோங்மெய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பால் தேநீர், தணலில் சுட்ட ரொட்டி, ஆட்டிறைச்சிப் புலாவ். லுவோ சாப்பிட்டு முடிக்கும்வரை டயர்களைப் பற்றியே பேசினான். நான் மேசைக்கு அடியில் உதைத்தேன். அவன் டயரிலிருந்து பிரேக்குக்கு மாறினான். கிளம்ப எழுந்தபோது அவளே வாயைத் திறந்தாள்.

"லுவோ, இவ்ளோ பெரிய வீட்ல ஒத்தையா கெடக்கேன். நீங்க என்கூடவே இருந்துடுறீங்களா?"

"ஐயோ, வேணாம் வேணாம், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு!" *

"சரி" என்றாள். ஒரு பை ஆப்பிளைக் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

* எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதற்கு யாரும் சரி என்று சொல்வதில்லை. சொன்னால் அலைகிறான் என்பார்கள். இரண்டாம் தடவை கையை மட்டும் ஆட்ட வேண்டும். மூன்றாம் தடவை, "நீங்க இவ்ளோ சொல்றதால" என்று உட்கார வேண்டும். யோங்மெய்யிடம் இந்த வித்தை பலிக்காது. கேன்டீனில் மரியாதைக்காக "போதும்" என்று சொன்னாலும் அவள் கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விடும். நான் இழந்த இறைச்சி கொஞ்சமா? (இதை முன்பே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் நீங்கள் லுவோவை வாசலிலேயே மடக்கியிருப்பீர்கள், எனக்குக் கதை போயிருக்கும்.)

4

முடிவு அ: வேனுக்குப் பின்னால் யோங்மெய் ஓடி வருகிறாள், அவள் சால்வை காற்றில்...

("அவளுக்கு முட்டி வலிடா. எதுக்கு ஓட விடுறே?")

முடிவு ஆ: லுவோ திரும்பிப் போய், இருக்கிறேன் என்கிறான்.

("கேக்காமலே எப்படிடா போய் நிக்கிறது?"

"அதான் கேட்டாளே!"

"ஒரு தடவதானே கேட்டா!")

முடிவு இ: நாங்கள் சோங்சிங் திரும்புகிறோம். அந்தக் குளிர்காலம் முழுக்க லுவோ தனியாகச் சோறு வடித்து, தனியாகவே...

இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவன் படித்துவிட்டான். இந்தத் தடவை ஒரு திருத்தமும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது.

5

"டேய், நான் கேக்குறேன். இங்கயே இருக்கியாடா?"

"நீ கேட்டா கணக்கா? நீ என் வீட்டு ஆளு. வெளி ஆளு கேக்கணும்."

வெளி ஆளுக்கு நான் எங்கே போவேன்? பங்க்கில் இருப்பவர் எங்களைக் கண்டாலே ஓரமாகப் போகச் சொல்கிறார். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

அதனால் முடிவு எழுதுகிற வேலையை நான் விட்டுவிட்டேன். நீங்கள் கேளுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் சத்தமாகவே கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைத்தால் என்ன? "லுவோ, யோங்மெய்யோட இருக்கீங்களா?"

அவள் கேட்டது ஒன்று. இது இரண்டாவது.

கையை ஆட்டுவான். வேண்டாம் என்பான். நம்பிவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.