புல் கெண்டைக்கு யார் புல் போடுவது?

தேவதாஸ் கிராணிக்கு மதியச் சாப்பாட்டில் பிளாச்சான் என்ற இறால் விழுது போட்டு வதக்கிய கங்கோங் கீரை இருக்க வேண்டும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறியது, காசில் இருந்த தலை மாறப்போகிறது என்றார்கள், அவர் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் வெள்ளைக்கார மேனேஜரே மாறிவிட்டார். கங்கோங் மட்டும் மாறவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை தட்டில் முட்டைக்கோசு கிடந்தது.

"என்ன இது?"

"கோபிஸ்," என்றாள் அவர் மனைவி கமலவேணி.

"அது தெரியுது. நேத்தும் இதுதானே?"

"முந்தாநாளும் இதுதான். சாரதாம்பா அக்கா பாசாருக்குக் கீரைக் கூடையே கொண்டாரலை. வேற ஆள்கிட்ட வாங்கினா நார் நாரா இருக்குன்னு துப்புறீங்க. நீங்களே போய்க் கேளுங்களேன். ஊருக்கெல்லாம் சேவை செய்யறீங்க, வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டாந்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

சேவை செய்பவர்கள் வீட்டில் வாதாடுவதில்லை. கிராணி கைகழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

சாரதாம்பாள் இருந்தது ஏரிக்கரையில். ஏரி என்பது கிராணி வைத்த பெயர். அதற்கு முன்னால் அது காஜா பேராங் பகுதியின் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் சூளைக்காக மண் தோண்டிய குட்டை. மழைநீர் நிறைந்து, ஆண்டுக்கணக்காகப் பேரில்லாமல் கிடந்தது. அதை ஏரியாக்க ஒரு பலகையும் ஒரு டின் பெயிண்டும் போதுமாக இருந்தன.

இதற்கெல்லாம் காரணம் அந்த வெள்ளைக்கார மேனேஜர்தான். அவர் ஞாயிறுதோறும் தூண்டிலோடு போவார். மீன் இல்லாமல் திரும்புவார். திங்கட்கிழமை மிகவும் சந்தோஷமாக இருப்பார். மீனுக்குப் போய் மீன் இல்லாமல் திரும்பி அதற்காகச் சந்தோஷப்படுவதுதான் நாகரிகம் என்று கிராணி பல காலம் கவனித்து முடிவு செய்திருந்தார். மேனேஜர் கப்பலேறும்போது தூண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சுதந்திர நாட்டில் வெறுங்கையோடு திரும்பும் உரிமை தமிழனுக்கும் வேண்டும் என்று கிராணிக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் காஜா பேராங் தூண்டில் விளையாட்டு மன்றம்.

செயலாளர் தேவதாஸ். தலைவர், ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருக்கும் சேதுபதி. அவர் தூண்டிலைத் தொட்டதில்லை. ஆனால் அவர் கடையில் எல்லாரும் உட்கார நாற்காலி இருந்தது.

செங் கிராமத்துப் பக்கம் மீன்குஞ்சு விற்கும் சீன முதலாளி, தவுக்கே, புல் கெண்டையைச் சிபாரிசு செய்தார். சீக்கிரம் வளரும், தீனிச் செலவே கிடையாது, தினம் ஒரு கட்டுப் புல் அறுத்துத் தண்ணீரில் போட்டால் போதும் என்றார். செலவே கிடையாது என்ற இடத்தில் செயற்குழு கைதட்டியது. ஆளுக்கொரு நாள் புல் போடுவது என்று முறை வகுத்தார்கள். குஞ்சு விடும் விழாவுக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். ஒரே தகர டின்னைச் செயற்குழு மொத்தமும் சேர்ந்து கவிழ்ப்பதுபோல் புகைப்படம் எடுத்தார்கள். பேப்பரில் வந்தது. எல்லார் முகமும் தெளிவாக இருந்தது, மீன்தான் படத்தில் விழவில்லை.

பிறகு திங்கட்கிழமைக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமைக்காரர் போடாத புல்லைத் தான் மட்டும் ஏன் போட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்காரர் நியாயமாக யோசித்தார். புதன்கிழமைக்காரர் செவ்வாய்க்கிழமைக்காரரின் மைத்துனர். இப்படி நியாயம் ஒவ்வொரு நாளாக நகர்ந்து சனிக்கிழமைக்கு வந்தது. சனிக்கிழமை தேவதாஸ் கிராணியின் முறை. செயலாளருக்கு எழுத்து வேலை அதிகம்.

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் குட்டையைப் பார்த்தார். ஆழமில்லாத கிழக்கு ஓரம் எப்போதும் பாய் விரித்ததுபோல் பச்சையாக இருக்கும். அதுதான் சாரதாம்பாளின் கீரைப் பாத்தி. இப்போது அங்கே கலங்கல் தண்ணீரும், கடித்துப்போட்ட தண்டுகளும் இருந்தன.

சாரதாம்பாள் வாசலில் உட்கார்ந்து புடவை தைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய புருஷன் இறந்த பிறகு டவுனுக்கு வந்தவள். அந்தப் பாத்திதான் அவளுக்குச் சோறு.

"வாங்க கிராணி. ஏரி பாக்க வந்தீங்களா?"

"இல்லக்கா. வீட்ல கீரை..."

"கீரையா? அதோ போகுது பாருங்க."

தண்ணீரில் தடித்த முதுகு ஒன்று புரண்டு மறைந்தது.

"இன்னொண்ணு இருக்கு, அது இதைவிடப் பெருசு. நல்லாத்தான் கொழுத்திருக்குதுங்க. என் கையால வளந்ததுல்ல."

கிராணி சொன்னார்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. உங்க தலைவர் கடைக்கே போனேன். ஏரி வந்தா ஊருக்குப் பெருமை, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னாரு. டீ வாங்கிக் கொடுத்தாரு. நல்ல டீ."

"இப்ப எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"மீ சாப்பாட்டுக் கடையில எச்சில் மங்கு கழுவுறேன். கை வெந்து போவுது. பாத்தி திரும்பினா விட்டுருவேன்." வாசலோரம் இருந்த மண்பானையைக் காட்டினாள். அதில் கொஞ்சம் கங்கோங் தண்டு தண்ணீரில் நின்றது. "கடைசியா இதைத்தான் காப்பாத்த முடிஞ்சது. மீனுக்கு எட்டாம ஒரு வேலி மட்டும் இருந்தா, இதை ஊனிப் புடிச்சுருவேன்."

கிராணி அவசரக் கூட்டம் போட்டார். விஷயத்தைச் சொன்னார். மூங்கில் வேலி கட்டுவது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாரதாம்பாளுக்கு அனுதாபம் தெரிவிக்கும் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. அதற்கு மூங்கில்கூடத் தேவைப்படவில்லை.

"வேலியை எப்ப கட்டுறது தலைவரே?"

"தூண்டில் போட்டி முடியட்டும் கிராணி," என்றார் சேதுபதி. "சுதந்திர தினத்துக்கு ஊரே வருது. அந்த நேரத்துல குட்டை நடுவுல வேலி இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்? அழைப்பிதழ்ல உங்க பேரு தடிச்ச எழுத்துல வந்திருக்கு, பாத்தீங்கள்ல?"

கிராணி பார்த்திருந்தார். இரண்டு முறை பார்த்திருந்தார். அதனால் 'வேலி: போட்டிக்குப் பிறகு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளின் முதல் ஆண்டு நிறைவு நாளில் தூண்டில் போட்டி தொடங்கியது. பந்தல், தோரணம், ஒலிபெருக்கி, மேசைமேல் வெள்ளிக்கோப்பை. சிறப்பு விருந்தினர் அரிசி வியாபாரி சிஹாபுதீன். அவருக்கு மேனேஜரின் தூண்டிலையே கொடுத்து, முதல் மீனை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

மண்புழு போட்டார்கள். இறால் போட்டார்கள். ரொட்டி உருட்டிப் போட்டார்கள். கங்கோங்கிலேயே வளர்ந்த மீன்கள் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. மாலையில் இருந்த பூ வாடியது.

"என்ன சேதுபதி," என்றார் சிஹாபுதீன், "குளத்துல மீனு இருக்கா, இல்ல மீனையும் நான்தான் கொண்டாந்திருக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. சேதுபதி சிரித்துக்கொண்டே செயலாளரை ஒதுக்குப்புறம் தள்ளிக்கொண்டு போனார்.

"கிராணி, அந்தப் பொம்பள ஒரு பானையில கீரை வச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? போய் வாங்கியாங்க. அதைத் தூண்டில்ல மாட்டினா கபக்குனு கடிக்கும்."

"தலைவரே, அது நடுறதுக்கு வச்சிருக்கு. அது ஒண்ணுதான் மிச்சம்."

"மானம் போவுது கிராணி!"

தேவதாஸ் போனார். ஊர்ப் பெருமைக்காகத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டார். சாரதாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மீன் கடிக்கவில்லை என்பது ஒலிபெருக்கியில் அவளுக்குக் கேட்டிருந்தது, கிராணி எதற்கு வருகிறார் என்பதும் புரிந்திருந்தது. அவர் கேட்கவேண்டி வரவில்லை. பானையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. இவ்வளவு நாள் போட்டாச்சு. இன்னைக்கு விருந்தாளி வேற வந்திருக்காரு, இன்னைக்குன்னு பாத்து நிறுத்தினா நல்லா இருக்காது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கோபப்பட்டிருக்கலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. விருந்துக்குப் பாத்திரம் இரவல் கொடுப்பவள்போல் சொல்லிவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள். அந்தக் கை மங்கு கழுவும் சோடாவில் வெந்து சிவந்திருந்தது. ஒவ்வொரு நாளும் தன் தட்டுக்கு வந்த கீரையைக் கட்டிய கை அது என்று கிராணிக்கு அப்போதுதான் பட்டது.

பானையோடு திரும்பினார். சேதுபதி ஆவலோடு கையை நீட்டினார். கிராணி அவரைத் தாண்டிப்போய்ப் பானையை வெள்ளிக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று தொடங்கினார். அதற்குமேல் செந்தமிழ் வரவில்லை. "குளத்துல மீன் இருக்கு. நெறையவே இருக்கு. அதுங்களுக்குப் பசி இல்ல, அவ்வளவுதான். புல் போடுறது எங்க வேலை. போட்டோ எடுத்தோம், போயிட்டோம். என் முறை சனிக்கிழமை, நானும் வரலை. அதுங்க இந்தக் கரையில இருக்கிற சாரதாம்பா அக்காவோட கீரைப் பாத்தி முழுக்கத் தின்னுருச்சு. இதோ இதுதான் மிச்சம். இதையும் தூண்டில்ல மாட்டத்தான் வாங்கியாந்தேன். மாட்ட முடியல. மன்னிச்சுக்கங்க."

சிஹாபுதீன் தூண்டிலைச் சுருட்டி வைத்தார். மாலையைக் கழற்றினார்.

"அப்போ நான் இந்த மீனைப் பிடிச்சுத் தின்னா, அந்த அம்மா சோத்தைத்தானே தின்ன மாதிரி? என்னப்பா விருந்து இது!" பந்தலை அண்ணாந்து பார்த்தார். "சேதுபதி, இந்தப் பந்தல் மூங்கில்தானே?"

"மூங்கில்தான் பாய். ஆனா வாடகைப் பந்தல்..."

"பந்தல்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பிரிங்கப்பா."

அன்று போட்டி நடக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி, பந்தல் மூங்கிலைக் கிழக்கு ஓரத்தில் நெருக்கமாக அடித்தார்கள். தலைவர் கரையில் நின்று எந்த மூங்கில் கோணல் என்று சொன்னார். பொழுது சாய்வதற்குள் சாரதாம்பாள் பானைத் தண்டுகளை வேலிக்குள் ஊனிவிட்டாள். புகைப்படக்காரர் வந்திருந்தார், சட்டையில் சேறு என்று யாரும் படத்துக்கு நிற்கவில்லை.

கங்கோங் தழைத்தது. சாரதாம்பாள் மீ கடையை விட்டாள். கமலவேணி முட்டைக்கோசை மறந்தாள்.

பிறகு ஒரு கூட்டத்தில், பாசார் ரோட்டின் ஓரமெல்லாம் நிழல்மரம் நடலாம், அமைச்சர் யாரையாவது கூப்பிடலாம் என்று சேதுபதி சொன்னார். செயற்குழு கைதட்டியது. தேவதாஸ் கிராணி மட்டும் எழுந்தார்.

"நடலாம் தலைவரே. ரெண்டு கேள்விதான். அந்த ரோட்டோரத்துல இப்ப யார் கடை விரிச்சுப் பொழைக்கிறாங்க, அவங்களைக் கேட்டாச்சா? போட்டோ எடுத்தப்புறம் தண்ணி ஊத்த யார் வருவாங்க?"

திங்கட்கிழமைக்காரர் இருமினார்.

"இதுக்குப் பதில் இல்லாம செய்யறது சேவை இல்ல. அடுத்தவங்க தட்டுலேருந்து எடுத்து நாம பேர் வாங்கறது."

சொல்லிவிட்டு, நாற்காலிக்கடியில் வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறினார். அன்று சனிக்கிழமை. புல் அறுக்க வேண்டியிருந்தது.