லாக்கரில் இருந்த பேட்ஜ்

மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் கணவரின் கதிர்வீச்சுக் கணக்கில் பதினெட்டு வருடமும் வரிசையாகப் பூஜ்ஜியம்.

"குழாய் வெல்டிங்கைக் கதிர்வீச்சுல படம் எடுத்தவர்தானே? இதைப் பார்த்தா வேலைக்கே போகாத மாதிரி இருக்கு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

வெல்டிங்குக்குள் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் ஒரு பக்கம் கதிரை உமிழும் மூலப்பொருளும் மறுபக்கம் ஃபிலிமும் வைத்தால் தெரிந்துவிடும். எடுப்பவர் சட்டையில் ஒரு பேட்ஜ் தொங்கும். உடம்பில் பட்டதை அது அளந்து சொல்லும். ஏன் அளக்க வேண்டும்? கதிர் செல்லுக்குள் செய்யும் பழுது சரியாக ஆறாவிட்டால், இருபது வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம், ஆகாமலும் போகலாம். பட்டது கூடக் கூட வாய்ப்பும் கூடும். மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டியவருக்குத்தான் ஓய்வுக்குப் பிறகும் வருடாந்தரப் பரிசோதனை. வந்தால் முளையிலேயே தெரிய வேண்டும். அந்தப் பரிசோதனை இவருக்குக் கிடைத்தால் எனக்குப் போதும்.

"பேட்ஜ் எங்க இருந்துச்சு?" என்று அவரைக் கேட்டேன்.

"லாக்கர்ல."

"பதினெட்டு வருஷமுமா? யாரும் கேக்கலையா?"

"ஜீரோ வந்தா யாரு கேப்பாங்க? அளவு ஏறினாத்தான் வேற வேலைக்குத் தூக்கிப் போடுவாங்க."

"நல்லது. அந்த லாக்கருக்குப் புற்றுநோய் வராது. சந்தோஷமா?"

மருத்துவர் சிரிப்பை விழுங்கினார். "கூட நின்னவங்க யாராவது பேட்ஜ் போட்டிருந்தா, அதை வெச்சு இவருக்கும் மதிப்பிடலாம்."

கணவரின் முகம் சுருங்கியது. கூட நின்றவன் என் தம்பி. பேட்ஜ் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டான். 'பயந்தாங்கொள்ளி' என்று அவனுக்குப் பட்டம் கட்டியவர் இவர். அந்தச் சண்டையில் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

அவர் போனைப் பிடுங்கித் தம்பியின் எண்ணைத் தேடினேன். அதிலும் அந்தப் பட்டத்தில்தான் பதிந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் திணித்தேன்.

"சொல்லுங்க மாமா."

"மாப்ள... டாக்டர்கிட்ட வந்திருக்கோம். உன் பேட்ஜ் அளவெல்லாம் இருக்கா?"



"வருஷவாரியா ஃபைல் போட்டு வெச்சிருக்கேன். கேக்கறது யாரு, பயமே இல்லாதவரா?"

"லாக்கர் கேக்குதுடா," என்றேன்.

சிரித்துவிட்டான். "நாளைக்கே கொண்டு வரேன்க்கா. எனக்கு மொத்தம் வரம்புல பாதிதான். ஆனா டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லிடு. நான் கதிர் மூலத்துலேர்ந்து எட்டடி தள்ளி நிப்பேன். மாமா நாலடியிலதான் நிப்பாரு."

மருத்துவர் பேனாவை எடுத்தார். "தூரம் பாதியானா கதிர் நாலு மடங்கும்மா. அப்ப வரம்பு தாண்டிடும். பரிசோதனை உண்டு."

கேட்டது கிடைத்துவிட்டது.

"நாலடியா?" என்றேன்.

அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.